தட்டில் இருந்த மூவாயிரம்

என் சமையலறை யன்னல் விளிம்பில் மூடியில்லாத பச்சைப் பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் சவர்க்காரம் இல்லை. மஞ்சள் நிறப் பஞ்சுத் துண்டு ஒன்று ஓரம் தேய்ந்து, நடுவில் விரல் நுனி அளவுக்குக் குழி விழுந்து கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பாத்திரம் கழுவும் பஞ்சு என்று நினைத்துக் கையில் எடுப்பார்கள். நான் விருட்டென்று வாங்கி வைத்துவிடுவேன். ஒரு பஞ்சுக்கு இவ்வளவு கோபமா என்று என் கணவர் கேட்பார். இது காசு எண்ணுகிற பஞ்சு. காசு மேசையில் இருப்பவர்கள் இதில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். விரலை அதில் ஒற்றி ஒற்றித் தாள்களை எண்ணுவார்கள். அந்தக் குழியைப் போட்டது கெஷியர் அக்காவின் வலதுகைச் சுட்டுவிரல்.

அவரை நாங்கள் எல்லோரும் கெஷியர் அக்கா என்றுதான் சொல்வோம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலிருந்து ஐந்து நிமிட நடையில், காலி வீதியோரமாக இருந்த ஒரு பலசரக்குக் கடையில் காசு மேசை அவருடையது. அரிசி மா, உழுந்து, நல்லெண்ணெய், மரக்கறி எல்லாம் அங்கேதான் வாங்குவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து விடிய வெள்ளென பஸ் ஏறி வருவார். ஐம்பதை நெருங்கிய வயது. வெளிர் நிறச் சேலை, கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சிறிய சிலுவை. எங்கள் யாழ்ப்பாணத்து 'வாங்கோ, இருங்கோ' அவரிடம் கிடையாது. 'வாங்க மிஸ்' என்பார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவள் அல்ல, காப்புறுதி அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். ஆனாலும் அவருக்குக் கைப்பையோடு வருகிற பெண்கள் எல்லோரும் மிஸ்தான்.

அவர் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பஞ்சில் ஒரு தொடுகை, ஐந்து தாள். மறுபடி ஒரு தொடுகை, ஐந்து தாள். உதடு அசையாது. சில்லறை இல்லாத நாட்களில் மூன்று ரூபாய்க்கோ நான்கு ரூபாய்க்கோ டொபி மிட்டாய் தருவது கொழும்புக் கடைகளின் வழக்கம். கெஷியர் அக்காவும் தருவார். ஆனால் அவர் அதை நினைவில் வைத்திருப்பார். மறுநாள் சில்லறை கிடைத்துவிட்டால், "நேத்து ரெண்டு டொபி தந்தேன், சல்லி இந்தாங்க, டொபிய நீங்களே வச்சுக்கங்க" என்று சிரித்துக்கொண்டே நீட்டுவார். முதலாளி கேட்டால் டொபிக்கான காசைத் தன் கைப்பையிலிருந்து போட்டுக்கொள்வார் போலும். நான் விசாரித்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் மிச்சக் காசை எண்ணாமல் கடையை விட்டு இறங்குவது அபூர்வம். அலுவலகத்தில் ஒரு சதம் பிழைத்தாலும் முழு நாளும் தேடுகிறவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. ஒருநாள் அவசரத்தில் எண்ணாமல் பஸ் தரிப்பிடம்வரை போய்விட்டேன். அங்கே நின்று எண்ணினால் பத்து ரூபாய் குறைந்தது. வெயிலில் திரும்பி நடந்து வந்தேன். வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேருக்கு முன்னால், "பத்து ரூபாய் குறையுது, எண்ணித் தாறதில்லையோ?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்த வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளேயிருந்து முதலாளி கழுத்தை நீட்டிப் பார்த்தார். கெஷியர் அக்கா எழுந்து நின்று, "மன்னிச்சுக்கங்க மிஸ்" என்று பத்து ரூபாயை இரண்டு கையாலும் தந்தார். சரியாக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். பத்து ரூபாய் என்றாலும் நியாயம் நியாயம்தானே என்று மாமியிடம் பெருமையடித்தது நினைவிருக்கிறது. மாமி, என் கணவரின் தாயார், எங்களோடுதான் இருக்கிறார். "அந்த வெயிலுக்குப் பத்து ரூபாய்க்கு இளநிகூட வராது பிள்ளை" என்றார்.

அதற்குச் சில மாதங்களின் பின் நடந்தது இது. நான் கடைக்குள் நுழைந்ததுமே கெஷியர் அக்கா கை காட்டிக் கூப்பிட்டார். மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுக்கவில்லை, தன் கைப்பையைத் திறந்து, பழைய பற்றுச்சீட்டில் மடித்து வைத்திருந்த இருநூறு ரூபாயை எடுத்துத் தந்தார். "போன கிழமை உங்க மிச்சத்துல இருநூறு குறைச்சுத் தந்துட்டேன் மிஸ். அன்னைக்கு லாச்சியில சல்லி கூடுதலா இருந்துச்சு. யாருக்குன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், நீங்கதான். அன்னைக்கே கடை மூடினதும் ரோட்டுல கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன், நீங்க அந்தப் பக்கம் வாறீங்களான்னு." அந்த முறை நான்தான் எண்ணத் தவறியிருந்தேன். இருநூறு குறைந்தது எனக்குத் தெரியவே தெரியாது. வீடு எது என்று தெரியாத ஒருத்திக்காக, கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒருவர் தெருவில் காத்து நின்றிருக்கிறார். நான் நன்றி சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று அவ்வளவுதான் தோன்றியது. இன்றைக்கு அந்த இடத்தில்தான் என் மனம் போய்ப் போய் நிற்கிறது.

சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் வீடுகளில் கைவிசேஷம் கொடுப்பது வழக்கம். வருடம் பிறந்து, மூலிகை அவித்த மருத்துநீர் வைத்துத் தலை முழுகி, புது உடுப்பு உடுத்தபின், பஞ்சாங்கத்தில் குறித்திருக்கும் நல்ல நேரத்தில் வீட்டுப் பெரியவர் வெற்றிலையில் காசு வைத்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அந்தக் காசு புதுத் தாளாக இருக்க வேண்டும். மடிப்பு விழுந்திருக்கக் கூடாது, நனைந்திருக்கக் கூடாது. வருடப் பிறப்புக்கு முந்தின கிழமை வங்கிகளில் புதுத் தாளுக்கு வரிசை வரிசையாக நிற்பார்கள். நின்று வாங்க எனக்கு லீவு இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் வந்த சித்திரைக்கு, "வங்கியில சொல்லி வச்சிருக்கேன், உங்களுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன்" என்று கெஷியர் அக்காவே சொன்னார். அவர் வேதக்காரர், அவருக்குக் கைவிசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்களுக்கு அது எப்படி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வருடப் பிறப்புக்கு முதல் நாள் பதினொரு மணிக்குக் கடைக்குப் போனேன். கால் வைக்க இடமில்லாத சனம். சக்கரை, கச்சான் கடலை, பயறு, முந்திரிகைவற்றல், வெற்றிலை, கற்பூரம் என்று எல்லாமாக மூவாயிரத்துத் தொளாயிரத்து அறுபது ரூபாய். மூன்று ஐயாயிரம் ரூபாய்த் தாள்கள் கொடுத்தேன். மிச்சத்தைப் புதுத் தாளாகத் தரும்படி கேட்டேன். கெஷியர் அக்கா மேசைக்கடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, அதிலிருந்த ஆயிரம் ரூபாய்த் தாள்களில் பதினொன்றை எண்ணத் தொடங்கினார். வழக்கம்போல அவருடைய விரல் பஞ்சுக்குப் போனது. போன விரலைப் பாதியிலேயே நிறுத்தினார். பச்சைப் பெட்டியை மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். விரலைச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தார்.

"சாமிக்கு முன்னால வைக்கிற சல்லிதானே மிஸ். ஈரம் பட வேணாம்" என்றார்.

வெறும் விரலால் எண்ணினார். புதுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வருடம் முழுவதும் காசு எண்ணுகிற விரல் அது. ஆனால் பின்னால் நின்றவர்கள் "கெதியாப் பாருங்கோ" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் பையும் மறு கையில் வாழைக்குலையுமாக நான் நின்றேன். எண்ணிய தாள்களை வேறோர் உறையில் போட்டு, "எண்ணிப் பாருங்க மிஸ்" என்று நீட்டினார். எப்போதும் எண்ணிவிட்டே நகர நினைப்பவள், அன்று எண்ணவில்லை. புதுத் தாள்களைச் சனத்துக்குள் வைத்துக் கசக்க விரும்பவில்லை என்பது காரணம். நாற்பது ரூபாயை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பின்னேரம் நாலு மணிக்குச் சாமி அறையில் தட்டு அடுக்கினேன். மஞ்சள் பூசிய தேங்காய், வெற்றிலை, நெல், பக்கத்தில் நிறைகுடம். உறையைப் பிரித்துத் தாள்களை விசிறி போல விரித்து வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. புதுத் தாள்களின் இலக்கங்கள் வரிசையாக வரும். முதல் தாளின் கடைசி இலக்கம் நாற்பத்தொன்று. கடைசித் தாளில் ஐம்பத்துநாலு. பதினான்கு தாள்கள். பிரித்துப் பிரித்து எண்ணினேன். மூன்று கூடுதல். மூவாயிரம் ரூபாய்.

மாமி அடுப்படியில் முறுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். "ஐயோ பாவம் அந்தப் பிள்ளை" என்றார் உடனே. ஐம்பது வயது கெஷியர் அக்காவும் மாமிக்குப் பிள்ளைதான். "ஓடிப் போய்க் குடுத்திட்டு வா. கடை ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

அப்போது நான் சொன்னதை எழுதவே கை கூசுகிறது. "தட்டில வைச்ச காசு மாமி. வருசத்துக்கு முதல் நாள் விளக்கும் கொளுத்திப்போட்டு, தட்டில இருந்து காசை வெளிய குடுக்கிறதோ? கைவிசேஷம் முடியட்டும்" என்றேன்.

மாமி கையிலிருந்த மாவோடு திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்கு எப்ப தொடக்கம் பஞ்சாங்கம்?" என்றார்.

நியாயமான கேள்வி. ராகுகாலம், மரணயோகம் என்று மாமி சொல்லும்போதெல்லாம் கேலி செய்கிறவள் நான். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டிவிட்டு அவரிடம் காட்டிச் சிரிப்பவள். அன்று ஒருநாள் மட்டும் அவருடைய பஞ்சாங்கத்தை எடுத்து எனக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குக் களைப்பாக இருந்தது. காலையிலிருந்து நின்றபடி வேலை. காலி வீதியில் மறுபடி அந்தச் சனத்துக்குள் இறங்க மனமில்லை. "அது எங்கட காசில்லையே பிள்ளை, வெளிய போனா எங்களுக்கென்ன குறையப் போகுது? போகேலாட்டில் ரெலிபோனாவது எடுத்துச் சொல்லு" என்றார் மாமி. அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. தொலைபேசியை முதலாளிதான் எடுப்பார். அவருக்குத் தெரிந்தால் அக்காவுக்குத்தான் ஏச்சு விழும். கடை திறந்ததும் நேரே அவர் கையில் இரகசியமாகக் கொடுப்பதுதான் அவருக்கு நல்லது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பெரிய மனசு போலத் தெரிந்தது. அந்த மூன்று தாள்களையும் வைத்துக்கொள்ள நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. இதை எங்கே கேட்டாலும் சத்தியம் செய்வேன். ஆனால் வைத்துக்கொள்ள நினைக்காததே போதும் என்று இருந்துவிட்டேன்.

மாமி மாக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். மூன்று தாள்களையும் தட்டிலிருந்து தானே எடுத்து, தனியாக ஒரு உறையில் போட்டு, குங்குமச் சிமிழுக்குக் கீழே வைத்தார். மறுநாள் நல்ல நேரத்தில் கைவிசேஷம் கொடுத்தோம். பால் பொங்கியது. எல்லாம் முறைப்படி நடந்தது.

மூன்று நாள் கடை பூட்டு. நாலாம் நாள் திறந்த அன்று அலுவலகத்துக்குப் போகும் வழியில் உறையோடு போனேன். காசு மேசையில் முதலாளியின் மருமகள் இருந்தாள். புதுக் கணக்குக் கொப்பிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. கெஷியர் அக்கா எங்கே என்று கேட்டேன். "அவ இனி வரமாட்டா" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

வாசலில் மரக்கறி நிறுக்கிற அண்ணன் நின்றார். அட்டன் பக்கத்துக்காரர். இந்தக் கடையில் கெஷியர் அக்காவை விடப் பழைய ஆள். கத்தரிக்காய் தெரிவு செய்கிற சாட்டில் அவரிடம் கேட்டேன். அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க வருவீங்கன்னு அந்த அக்கா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க மிஸ்" என்றார்.

பிறகு சொன்னார். வருடப் பிறப்புக்கு முதல் நாள் பின்னேரம் பழைய கணக்கை முடித்துப் பூட்டிவிட்டு, பிறகுதான் புதுக் கொப்பி திறப்பார்கள். அது அந்தக் கடையின் சம்பிரதாயம். கணக்கு முடிக்கும்போது மூவாயிரம் குறைந்தது. குறையோடு புது வருடத்துக் கணக்கைத் தொடங்க முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. அபசகுனம் என்று சத்தம் போட்டார். கெஷியர் அக்கா பதறவில்லையாம். "புதுத்தாள் ஒரு ஆளுக்குத்தான் குடுத்தேன். ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும். அந்த மிஸ் கொண்டு வருவாங்க. பத்து ரூபா பிழைச்சாலே வெயிலுக்குள்ள திரும்பி வாற ஆள் அவங்க" என்றாராம். ஏழு மணிக்குக் கடை மூட வேண்டும். இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்று கெஞ்சி, ஷட்டரைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். வாசலில் வந்து நின்று வீதியைப் பார்த்தார். எட்டு மணிவரை முதலாளி பொறுத்தார்.

"அதுக்கப்புறம் அந்த அக்கா பண்டிகைக்குக் கிடைச்ச சம்பளத்திலிருந்து மூவாயிரத்த எடுத்து லாச்சியில போட்டுட்டுப் போனாங்க. முதலாளி இனி வர வேணாம்னுட்டார்."

எட்டு மணிவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அந்த இடத்திலேயே நினைத்துப் பார்த்தேன். தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, மாமி சுட்ட முறுக்கில் உப்புச் சரியா என்று தின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிட நடைத் தூரத்தில் ஒருவர் என்னை நம்பிப் பாதி ஷட்டருக்குக் கீழே நின்றிருக்கிறார். பத்து ரூபாய் குறைந்தபோது நான் நல்ல நேரம் பார்க்கவில்லை. மூவாயிரம் கூடியபோது பார்த்தேன்.

உள்ளே போய் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னேன், எனக்குப் பழக்கமான குரல்தானே. அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். "நீங்கள் நேர்மையாக் கொண்டு வந்தது சந்தோசம் தங்கச்சி. ஆனா புதுக் கணக்கு எழுதியாச்சு. மேசையில ஆளும் இருத்தியாச்சு. நல்ல நாளில வைச்ச ஆளை எழுப்பேலாது" என்றார். நல்ல நாளைப் பற்றி அவரிடம் வாதாட எனக்கு என்ன வாய் இருக்கிறது? வெளியே வந்தபோது மரக்கறி அண்ணன் ஒரு பேப்பர்ப் பையை நீட்டினார். உள்ளே பச்சைச் சவர்க்காரப் பெட்டி. "இது அவங்க வீட்டிலிருந்து கொண்டு வந்தது. குடுத்துடுங்க" என்று, கொட்டாஞ்சேனையில் வேதக் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையையும் வீட்டு அடையாளத்தையும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து சனம் கலையும் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். ஒடுங்கிய ஒழுங்கை, ஒரே சுவரில் நாலைந்து வாசல்கள். கெஷியர் அக்கா இடியப்பத் தட்டுகளைக் கழுவி வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு விடியக்காலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். என்னைக் கண்டதும் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, "வாங்க மிஸ், உள்ள வாங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். நெக்டோச் சோடா வாங்கிவர ஓடப் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

உறையைக் கொடுத்தேன். அதில் அந்த மூன்று தாள்களோடு ஐயாயிரம் ரூபாய்த் தாள் ஒன்றும் வைத்திருந்தேன். அந்தோனியார் படத்துக்கு முன்னால் பூப்போட்ட கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் இருந்தது. கெஷியர் அக்கா விரலை அதில் ஒற்றிக்கொண்டு நிதானமாகத் தாள்களைப் பிரித்தார். மூன்று ஆயிரத்தையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஐயாயிரத்தை உறையில் திரும்பப் போட்டு என் கையில் தந்தார்.

"இது மூணும் என்னோடது. அது இல்ல மிஸ்."

"அக்கா, நான் அண்டைக்கே கண்டனான்" என்றேன். அதைச் சொல்லாமலே வந்துவிடலாம் என்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். பிறகுதான் கண்டேன் என்று சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த விரல் ஐயாயிரத்தைத் திருப்பித் தந்தபின் பொய் வரவில்லை. "நாலு மணிக்கே கண்டனான். தட்டில வைச்ச காசெண்டு, நல்ல நேரம் பார்த்துக்கொண்டு இருந்திட்டன்."

அவர் மடியிலிருந்த மூன்று தாள்களையும் ஒன்றாக அடுக்கினார். "ஓ, உங்க ஆக்களுக்கு அது பார்க்கணும்தானே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே எனக்காகக் காரணம் தேடிச் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வேறு கடைகளில் விசாரிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சல்லி போனதுகூடப் பரவாயில்லை என்றார். வாசல்வரை கூட வந்தவர், நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அந்த மிஸ் கட்டாயம் வருவாங்கன்னு நான் சொன்னப்போ முதலாளி சிரிச்சார் மிஸ். எல்லாருக்கும் முன்னால சிரிச்சார். நீங்க பாருங்கன்னேன். அதுதான்..." என்றார்.

பஞ்சுப் பெட்டியை எடுத்து நீட்டினேன். பார்த்துச் சிரித்தார். "எனக்கு இனி எண்ண என்ன இருக்கு? நீங்களே வச்சுக்கங்க" என்றார். அப்படித்தான் அது என் யன்னலுக்கு வந்தது. அடுத்த வருடம் கிறிஸ்மசுக்கு ஒரு கேக்கோடு அந்த ஒழுங்கைக்குப் போனேன். வேறு ஆட்கள் இருந்தார்கள். வத்தளைப் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள். விலாசம் தெரியவில்லை. வத்தளைக்குப் போகிற நாட்களில் கடைகளின் காசு மேசைகளை எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பேன். இதுவரை காணவில்லை.

இப்போதும் நான் மிச்சக் காசை எண்ணுகிறேன். கூடினால் அந்த இடத்திலேயே, சத்தமில்லாமல் திருப்பிக் கொடுக்கிறேன். போன மாதம் கல்கிசையில் ஒரு பேக்கரியில் நூறு ரூபாய் கூடுதலாகத் தந்துவிட்டாள் ஒரு பெண். பஸ் ஏறியபின்தான் கண்டேன். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கித் திரும்பிப் போனேன். அவள் நூறு ரூபாய்க்கு இவ்வளவு தூரமா என்று ஆச்சரியப்பட்டு, "நீங்கள் நல்ல ஆள் அன்ரி" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தேன்.

மாமிக்கு இப்போது கண் மங்கிவிட்டதால் கைவிசேஷத் தாள்களை நான்தான் எண்ணி வைக்கிறேன். வங்கி வரிசையில் லீவு போட்டு நின்று வாங்கி வருகிறேன். முதல் நாளே யன்னலிலிருந்து பச்சைப் பெட்டியை எடுத்து, பஞ்சில் தண்ணீர் விட்டு, அந்தக் குழியில் என் விரலை ஒற்றி ஒற்றி எண்ணுகிறேன். இந்த வருடம் கைவிசேஷம் வாங்கிய என் தங்கையின் மகள் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, புதுக் காசு நனைஞ்சு கிடக்கு" என்று முறைப்பாடு சொன்னாள். மாமி சாய்கதிரையிலிருந்து, "நனைஞ்சால் பரவாயில்லை, வாங்கு பிள்ளை. பெரியம்மா எண்ணித்தான் வைச்சவ" என்றார்.